உதறிய சட்டைகள்

"உனக்கு என்ன வேணும், கேளு," என்றான், கல்யாணமான நாலாம் நாள்.

"இப்ப ஒண்ணும் வேண்டாம். வேணுங்கறப்ப கேட்கறேன். அன்னைக்கு மாட்டேன்னு சொல்லக் கூடாது."

அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். இருபத்திரண்டு வருஷமாகியும் அவள் கேட்கவில்லை. அவன் போய்வந்த கல் அறுக்கும் பட்டறை வேலை வேண்டாமே என்று இரண்டு முறை வாய்வரை வந்தது. இரண்டு முறையும் விழுங்கிவிட்டாள்.

இன்று காலை, கொழுந்தன் அவனை ஆக்சிஜன் சிலிண்டரோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தான். படுக்கையறையில் ஆக்சிஜன் மெஷின் ஓடவில்லை. அந்தப் பழக்கமில்லாத அமைதியில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது கேட்டது. செருப்பின் ஒட்டுப்பட்டையை யாரோ மெல்லப் பிய்ப்பது போல. கிர்ர்.

அவன் நெஞ்சின் சத்தம். ஒரு வருஷமாக அவன் முதுகில் காதுவைத்துக் கேட்டுப் பழகிய சத்தம். அவன்தான் வீட்டில் இல்லையே.

"நுரையீரல்ல காவலுக்குன்னே செல்கள் இருக்கும்மா," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "வர்ற தூசியை விழுங்கிடும். கல்தூசி மட்டும் செரிக்காது. விழுங்கின செல் செத்துப்போகும். சாகறப்ப மத்ததைக் கூப்பிடும். அதுங்க வந்து அதே தூசியை விழுங்கும். பின்னாடியே ரிப்பேர் பண்ற செல்கள் வந்து தழும்பாப் பூசிக்கிட்டே போகும். எப்ப நிறுத்தணும்னு அதுங்களுக்குத் தெரியாது."

அவன் சிரித்தான். "எங்க பட்டறைக்காவது ஞாயித்துக்கிழமை லீவு உண்டு டாக்டர்."

வேலையை விட்டுத்தான் இரண்டு வருஷமாகிறதே, இனிமேல் நின்றுவிடாதா என்று அவள் கேட்டதற்கு, டாக்டர் பேனாவை மூடித் திறந்தார்.

கிர்ர்.

மெஷினைப் பார்த்தாள். பிளக் கழற்றியே கிடந்தது. திரைச்சீலை அசையவில்லை. அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில், ஞாபகத்துக்கென்று அவள் எடுத்துவைத்திருந்த அவனுடைய கடைசி வேலைச் சட்டை, மடிப்புகளில் இன்னும் சாம்பல் நிறம் தங்க, யாரையோ எதிர்பார்த்துப் படுத்திருப்பது போல இருந்தது.

எத்தனை சட்டைகள். தினமும் சாயங்காலம் அவன் கழற்றித் தர, அவள்தான் உதறுவாள். முதலில் பால்கனியில். துவைத்த துணியெல்லாம் தூசியாகிறது என்று கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்த பிறகு, இந்த அறையில். ஒரு துகளும் வெளியே போகாதபடி ஜன்னலையும் கதவையும் சாத்திக்கொண்டு. இடுக்கில் விழும் வெயிலில் தூசி பொன்னாக மினுங்கும். உதறி முடித்ததும் சட்டையில் முகம் புதைப்பாள். வியர்வையும் அறுத்த கல்லும் கலந்த அந்த வாசனை, அவன் வாசனை. "என்னடி மோப்பம்?" என்று குளியலறையிலிருந்து கிண்டல் வரும்.

கிர்ர்.

இன்னும் கிட்டத்தில். முதுகுக்குப் பின்னால். திரும்பினாள். யாருமில்லை.

நன்றாகக் கேட்பதற்காக மூச்சை அடக்கினாள்.

சத்தம் நின்றது.

விட்டாள். ஒன்றுமில்லை. இழுத்தாள்.

கிர்ர்.

மறுபடி அடக்கினாள். அமைதி. இழுத்தாள். கிர்ர். அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். மாடிப்படி ஏறினால் இளைப்பது. வயசு என்று நினைத்தது. விடாத வறட்டு இருமல். தூக்கமில்லை என்று நினைத்தது.

அவளுக்குள்ளேயும் அந்தக் காவல்காரர்கள் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூசிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் அவன் வந்தான். அவளும் கீழே இறங்கி, கைத்தாங்கலாக மூன்று மாடி ஏற்றினாள். கொழுந்தன் மெஷினைப் போட்டு, குழாயை அண்ணன் மூக்கில் மாட்டிவிட்டு, மருந்து வாங்கப் போனான். அவள் அவனது நாற்காலி ஓரம் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"நான் ஒண்ணு... கேட்கணும்னு... வச்சிருந்தேனே."

அவன் முகம் இளகியது. "இத்தனை வருஷம் கழிச்சா? பட்டறைக்குப் போகாதீங்கன்னுதானே? அதான் போறதில்லையே."

"அது இல்ல."

கிர்ர். கிர்ர். அறையில் இரண்டு சத்தம். அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். தன் மூச்சை மெல்ல அடக்கிப் பார்த்தான்.

ஒன்று நின்றது.

மற்றது நிற்கவில்லை. அவன் கண்கள் அவள் நெஞ்சுக்கு இறங்கின. மெஷின் ஒரே ஒரு ஆளுக்கான காற்றை ஊதிக்கொண்டிருந்தது. சாம்பல் பூத்த உதடுகளோடு அவள் அவன் முகத்துக்குக் கை நீட்டினாள்.

"அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் எனக்குக் குடுங்க."