எதிர்மலை வெயில்

பழனிசெட்டிபட்டியில் உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் 'கிருபா விசாரணை நிலைய'த்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று கேட்டு வருவார்கள். நிலையத்தை நடத்தும் கிருபாவதி அந்த மாப்பிள்ளையைப் பார்க்கவே மாட்டார். அவன் குடியிருக்கும் தெருவில் போய் ஒரு பொழுது நின்றுவிட்டு வருவார். கேட்டால், "ஆளு ஒத்திகை பாத்து வச்சிருப்பான், தெருவுக்கு ஒத்திகை தெரியாது" என்பார். இதுவரை அவர் சொன்னது தப்பியதில்லை.

உதவியாளன் சுரேஷ்கண்ணனுக்கு இந்த மாப்பிள்ளை விசாரிப்பில் அலுப்பு தட்டிவிட்டது. முப்பது வயதாகியும் துப்பறியும் கதைப் பைத்தியம் தெளியாத ஆள். நமக்கும் ஒரு கொலை வழக்கு வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன், அந்த மார்கழிக் காலையில் தேனிப் பதிப்பாளர் குருசாமி முகம் வெளிறிப்போய்ப் படியேறி வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான்.

"ஒரு நாவலு வந்திருக்கும்மா. பேரு 'எதிர்மலை'. இந்த மாதிரி ஒண்ணு இந்தப் பள்ளத்தாக்குலருந்து வந்ததே கிடையாது. ஞாயித்துக்கெழம வெளியீடு வச்சிருக்கேன். இப்ப ரெண்டு பேரு, நாந்தான் எழுதுனேன், நாந்தான் எழுதுனேங்கிறாக" என்றார் குருசாமி.

சுரேஷ்கண்ணனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நாவலைக் கொண்டுவந்து கொடுத்தவர் கூடலூர் விஜய்ராஜ். இருபது வருடமாகச் சிறுகதை எழுதுகிறவர், கம்பத்து வாசகர் வட்டத்துக்குத் தலைவர், குருசாமிக்கு நெடுநாள் நண்பர். அட்டை தயாராகும் நேரத்தில், கம்பத்தில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகிமா வந்து, அது தன் நாவல் என்றாள். விஜய்ராஜ் நல்ல வாசகர் என்று நம்பி, படித்துப் பார்க்கச் சொல்லி பென் டிரைவில் கொடுத்தாளாம். கொஞ்ச நாளில் அவளுடைய லேப்டாப்பில் தண்ணீர் போய் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டதாம். கையில் ஒரு பக்கம்கூட இல்லை.

"நாவல் நடக்கிறது கூடலூர்ல. பக்கத்துக்குப் பக்கம் கூடலூர்தான். விஜய்ராஜ் பொறந்து வளந்த ஊரு. இந்தப் பொண்ணு சுருளிப்பட்டி. கேட்டா, நான் எழுதும்போது அது சுருளிப்பட்டிதாங்குது. யாரை நம்புறது? தப்பான பேரப் போட்டேன்னா நானும் திருடந்தானம்மா?"

"யாரு எழுதுனதுன்னு உங்க மனசுல படுது அண்ணாச்சி?" என்று கேட்டார் கிருபாவதி.

"விஜய்ராஜ்னுதான். ஊரப் பாத்தா அப்பிடித்தான் தெரியிது."

"சரி, ஊரப் பாத்தே முடிவு பண்ணுவோம். நாவலக் குடுங்க."

அன்று முழுக்கக் கிருபாவதி யாரையும் பார்க்கவில்லை. அவர் படித்து வைத்த தாள்களைச் சுரேஷ்கண்ணன் பின்னாலேயே வாங்கிப் படித்தான். துப்புத் தேடித்தான் ஆரம்பித்தான். பத்துப் பக்கம் தாண்டியதும் துப்பு மறந்துபோயிற்று. மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டம், அதில் வேல்விழி, கயல் என்று அக்காள் தங்கை. தங்கை கயல் தினமும் முதல் ஜீப்பில் மலை ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறாள். அக்காள் பந்தலுக்கடியில் நின்று பார்த்திருக்கிறாள்:

'வெயில் முதலில் எதிர்மலைக்குத்தான் வரும். மலைச்சாலை வளைவில் ஜீப்பின் கண்ணாடி மின்னும்போது எங்கள் பந்தலுக்கடியில் இன்னும் பனி சொட்டிக்கொண்டிருக்கும். மின்னியதும், கயல் போயிட்டா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நான் வேலையைத் தொடங்குவேன்.'

ஒருநாள் அந்தக் கண்ணாடி மின்னவில்லை. நாவலின் நடுப்பகுதி அது. அந்தப் பக்கத்தில் சுரேஷ்கண்ணன் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான். வேல்விழி தங்கையை இழந்த பிறகும் தோட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வாழ்கிற கதை மீதி. கடைசி அத்தியாயம் ஒரு நீண்ட மாலை:

'காலையில் தாமதமாக வந்த வெயில் மாலையில் போக மனமில்லாமல் நிற்கும். ஊரெல்லாம் விளக்குப் போட்ட பிறகும் எங்கள் பந்தலில் விளக்கில்லாமல் குலை வெட்டலாம்.'

"அக்கா, எவ்வளவு பெரிய எழுத்து! யாரு எழுதுனா என்ன, கால்ல விழலாம்" என்றான்.

"யாருன்னு தெரியாம யாரு கால்ல விழுவ?" என்றார் கிருபாவதி. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

மறுநாள் கம்பத்தில் மகிமாவைப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். விரல்களைப் பின்னிக்கொண்டு பேசினாள். கூடலூர் பற்றிக் கேட்டதும், "எனக்குக் கூடலூரு அவ்வளவாத் தெரியாதுக்கா. பஸ்ல போறப்ப பாத்ததுதான்" என்றாள். சுரேஷ்கண்ணன் மனதுக்குள் வழக்கை மூடிவிட்டான். பாவமாக இருந்தது, ஆனால் என்ன செய்ய?

வாசல்வரை வந்த மகிமா தயங்கி நின்றாள். "ஆபீசு போக மிச்ச நேரமெல்லாம் இதுலதாங்க்கா போச்சு. கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டு இதத்தான் எழுதுனேன். இது போச்சுன்னா இன்னொண்ணு எழுத எனக்குத் தெம்பு கெடையாது."

பிறகு கூடலூர் போனார்கள். ஊருக்கு மேற்கே, மலையின் காலடியிலேயே விஜய்ராஜின் தோட்டத்து வீடு. மனிதர் அன்பாக வரவேற்றார். நாவலில் எந்த இடத்தைக் கேட்டாலும் தயங்காமல் சொன்னார். கயல் உடுத்தியிருந்த தாவணியின் நிறம்கூட அவருக்கு மனப்பாடம். எழுதுவதெல்லாம் மாடியில்தான் என்றார்.

"விடிஞ்சதும் மாடிக்கு வந்திருவேன் மேடம். மொத வெயிலு மொகத்துல அடிக்கும். காப்பி, பேனா, வெயிலு. அவ்வளவுதான் நம்ம வாழ்க்கை."

மாடியில் அவர் மனைவி பவானி அவசர அவசரமாகக் கூழ்வற்றலை அள்ளிக்கொண்டிருந்தாள். "இப்பவேவா அள்ளுறீங்க?" என்று கிருபாவதி கேட்டார்.

"இங்கன சாயங்காலமே கெடையாதுக்கா. டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வெயிலு மலைக்கு அங்கிட்டுப் போயிரும். விட்டா வத்தலு நமுத்துப் போகும்" என்றாள் பவானி.

கிருபாவதி அவளுக்கு ஒரு கை பிடித்து அள்ளிக் கொடுத்தார். கீழே வந்ததும் விஜய்ராஜிடம், நாளை இதே நேரத்துக்குக் குருசாமி அண்ணாச்சியும் மகிமாவும் இங்கே வரட்டும், எல்லார் முன்னாலும் பேசி முடித்துவிடலாம் என்றார். விஜய்ராஜ் தாராளமாகச் சம்மதித்தார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது சுரேஷ்கண்ணனுக்கு வாய் நிற்கவில்லை. "கேஸ் முடிஞ்சிச்சுக்கா. அந்தம்மாவுக்குக் கூடலூரே தெரியாதாம். அவரு நாவல கரைச்சுக் குடிச்சிருக்காரு."

"கரைச்சுக் குடிச்சது நெசந்தான். நீ ராத்திரி ஊர்ப் பேரையெல்லாம் விட்டுட்டு அத இன்னொருக்கப் படி" என்றார் கிருபாவதி.

படித்தான். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் நாவல் முன்னைவிட நன்றாக இருந்தது.

மறுநாள் மாடியில் ஐந்து நாற்காலி போட்டு, பவானி டீ கொண்டுவந்து வைத்தாள். வற்றலைத் துணியோடு அள்ளி முடித்திருந்தாள். மகிமா யார் முகத்தையும் பார்க்காமல் கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கிருபாவதி கடைசி அத்தியாயத்தை விஜய்ராஜிடம் நீட்டினார்.

"சார், உங்க வாயால இதக் கேக்கணும்."

விஜய்ராஜுக்கு நல்ல குரல். ரசித்து ரசித்து வாசித்தார். குருசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேல்விழி பந்தலுக்கடியில் குலை வெட்டுகிற இடம் வந்தது. 'மாலையில் போக மனமில்லாமல் நிற்கும்' என்று வாசிக்கும்போது தாள்மேல் ஏதோ கறுத்தது. மலையின் நிழல் மாடியில் ஏறிவிட்டிருந்தது. பவானி தோளில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். விஜய்ராஜ் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே வாசிக்கப் பார்த்தார். அடுத்த வரியோடு நின்றுவிட்டார்.

"அங்கன பாருங்க அண்ணாச்சி" என்று கிருபாவதி கிழக்கே கை காட்டினார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், சுருளிப்பட்டி இருக்கும் சுருளி மலையடிவாரம் முழுவதும் மஞ்சள் வெயிலில் கிடந்தது. தென்னை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. "இந்த அத்தியாயம் நடக்கிற எடம் அது. இந்த மாடியில இல்ல."

"மேடம், இது கதை. கற்பனைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் விஜய்ராஜ். "என் வேல்விழிக்கு வெயிலு கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகட்டுமே. கதையில ஊருங்கிறது பின்னால தொங்குற படுதாதான? மனுசந்தான முக்கியம்?"

"படுதான்னு நெனச்சதுதான் சார் நீங்க பண்ணுன தப்பு." கிருபாவதியின் குரல் உயரவில்லை. "ஒரு எடத்துல வெயிலு தப்பா விழுந்தா கற்பனைன்னு விட்டுருவேன். இங்க எல்லா அத்தியாயத்துலயும் வெயிலு ஒரே மாதிரி விழுது. காலைல பிந்தி வருது, சாயங்காலம் பிந்திப் போகுது. பின்னால கெழக்குமலை மறைச்சாத்தான் அப்பிடி. உங்களுக்கு மேக்க மலை. காலைல மொத வெயிலு மொகத்துல அடிக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. சாயங்காலமே கெடையாதுன்னு உங்க வீட்லயே சொன்னாக."

பவானி திடுக்கிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"இதவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. கயலு போற ஜீப்பு. இங்கருந்து அந்த மலைச்சாலை வளைவக் காட்டுங்க சார்."

எல்லோரும் திரும்பினார்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவு சுவர்போல் எழுந்து நின்றது. சாலை அதற்கும் மேலே எங்கேயோ மறைந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் பாறையும் புதரும்தான் தெரிந்தன.

"மலைய ஒட்டி நின்னா மலைச்சாலை தெரியாது. பள்ளத்தாக்கத் தாண்டி எதுக்க நின்னாத்தான் தெரியும். வேல்விழி நெழல்ல நிக்கணும், எதிர்மலையில வெயிலு இருக்கணும். அப்பத்தான் கண்ணாடி மின்னுறது அவ கண்ணுல படும். அந்தக் கண்ணாடி மின்னுறத எடுத்துட்டா இந்த நாவல்ல என்ன இருக்கு? அந்தப் பொண்ணுக்குத் தங்கச்சி போனது தெரியாது, வராததும் தெரியாது. கதையே கெடையாது. ஊரு பின்னால தொங்கல சார், அதுதான் எல்லாத்தையும் தாங்கிட்டு நிக்கிது. சுருளிப்பட்டிய எடுத்துட்டுக் கூடலூர்னு போட கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு போதும். மலைய நகத்த முடியுமா?"

சுரேஷ்கண்ணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு முறை படித்தும் தன் கண்ணில் படாமல் போன வெயில், இப்போது பக்கத்துக்குப் பக்கம் அடிப்பதுபோல் இருந்தது.

விஜய்ராஜ் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"படிச்சு முடிச்ச அன்னைக்குத் தூக்கம் வரல. இருபது வருசமா எழுதுறேன். இதுல ஒரு பக்கம் எனக்கு வந்திருக்கா? இது என்னோடதா இருக்கக் கூடாதான்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பொண்ணோட லேப்டாப்பு போச்சுன்னு வட்டத்துல சொன்னாக. அதுக்கப்புறம் என்னால சும்மா இருக்க முடியல."

"ஏலே விஜய்ராஜு" என்றார் குருசாமி.

மகிமா எழுந்து வந்து அவர் மடியிலிருந்த தாள்களை எடுத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். அதுக்குத்தான உங்ககிட்டக் குடுத்தேன்."

விஜய்ராஜ் அதற்கு மட்டும் அழுதார்.

மறுநாள் விடியற்காலையில் குருசாமியின் காரில் நான்கு பேர் சுருளிப்பட்டிக்குப் போனார்கள். குருசாமிதான் பிடிவாதம் பிடித்தார், அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன் என்று. அருவிக்குப் போகும் பாதையில் மகிமா வீட்டுத் தோட்டம். பொழுது விடிந்திருந்தது, ஆனால் பந்தலுக்கடியில் இன்னும் ஈரமும் இருட்டும்தான். திராட்சை இலையிலிருந்து பனி சொட்டிச் சுரேஷ்கண்ணன் பிடரியில் விழுந்தது. பள்ளத்தாக்கின் அந்தக் கரையில் மேற்குமலை தலையிலிருந்து கீழே மெதுவாக வெளுத்துக்கொண்டு வந்தது.

குருசாமி மப்ளரைத் தளர்த்திக்கொண்டு அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"அட்டையில மகிமான்னு போடு. ஆமா, மகிமா மட்டுந்தான். உள்ள கூடலூருன்னு இருக்கிறதையெல்லாம் சுருளிப்பட்டின்னு மாத்து. இன்னொண்ணு, அழைப்பிதழ்ல மண்டபத்துப் பேர எடுத்துரு. வெளியீடு இங்கன, தோட்டத்துலயே வைக்கிறோம். விடியக்காலம்."

மகிமா சட்டென்று எதிரே கை நீட்டினாள். எதிர்மலையின் நடுவில், கோடு கிழித்ததுபோல் தெரிந்த சாலை வளைவில், ஒரு பொட்டு வெளிச்சம் பளிச்சென்று மின்னி மறைந்தது.

சுரேஷ்கண்ணன் பக்கத்தில் நின்ற கிருபாவதியைத் திரும்பிப் பார்த்தான். அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார், ஒரு தெருவில் போய் நிற்பதுபோலத்தான். போனைக் காதிலிருந்து எடுக்க மறந்த குருசாமி, தன்னை அறியாமல் மெல்லச் சொன்னார்.

"கயல் போயிட்டா."

"யாரு சார் போயிட்டா?" என்று அச்சகத்துப் பையன் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"படிச்சுப் பாரு, தெரியும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் குருசாமி. "மொதல்ல அச்சடிலே."