பேண்டு சட்டையில் பதினொரு பேர்

"நம்ம பிள்ளைங்க மதுரையில ஜெயிச்சிட்டாளுவளாம்!"

1977-ஆம் ஆண்டு அந்தச் செய்தி வந்தபோது, தூத்துக்குடிக் கடற்கரையில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். எத்தனை ரூபாயில் விட்டோம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

அது நாடு முழுவதும் நடந்த மகளிர் கால்பந்துக் கோப்பை. தோற்றால் அன்றே வெளியே. ஜெயித்தால் அடுத்த சுற்று. தூத்துக்குடிப் பெண்கள் முதல் ஆட்டத்திலேயே திரும்பி வந்துவிடுவார்கள் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. அவர்களோ மதுரையில் ஜெயித்து, பிறகு பெங்களூரிலும் ஜெயித்துவிட்டார்கள்!

அணியின் தலைவி மரியசெல்வி. வயது பத்தொன்பது. அவளுடைய தங்கை மெட்டில்டா ஆறாம் வகுப்பு.

மூன்றாவது சுற்று சொந்த ஊரிலேயே. எதிரணி மணிப்பூர். இதில் ஜெயிப்பவர்கள் அரையிறுதி ஆடக் கல்கத்தா போகலாம்.

"கல்கத்தாவில தண்ணிக்கு 'ஜல்'னு சொல்லணுமாம்ளா," என்றாள் மரியசெல்வி. தாகம் எடுக்காதபோதுகூட "ஜல், ஜல்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அன்று காலை மணிப்பூர் அணியை வரவேற்க எல்லோரும் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். மெட்டில்டாவும் மாலையோடு நின்றாள்.

ஏழு நாள் பயணம் செய்த களைப்போடு பெண்கள் இறங்கினார்கள். அவர்களுடைய தலைவியின் பெயர் தோம்பி. இறக்கிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவள் மறுபடி ரயிலுக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அவர்களுடைய மேலாளர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். தூத்துக்குடி அணியின் பயிற்சியாளர் கிருபை டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன டீச்சர்?" என்றாள் மரியசெல்வி.

"மெட்ராஸ்ல ஸ்டேஷன் மாறும்போது ஒரு பெட்டி விட்டுப்போச்சாம். உடுப்பு, பூட்ஸ் எல்லாம் அதுலதான் இருக்காம்."

நிலைய அதிகாரி உடனே போன் போட்டு விசாரித்தார். பெட்டி பத்திரமாக இருந்தது. ஆனால் மறுநாள் காலை ரயிலில்தான் வரும்.

"ஆட்டத்தை நாளைக்கு வச்சிக்கிடலாமா சார்?" என்று பக்கத்தில் நின்ற நடுவரிடம் கேட்டார் டீச்சர்.

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "தேதியை மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. நாலு மணிக்கு ஒரே மாதிரி சட்டையும், முதுகுல எண்ணும் இருக்கணும். இல்லைன்னா தூத்துக்குடி ஜெயிச்சதா எழுதிருவேன்."

விழாக் குழுச் செயலாளர் சங்கரபாண்டியன் கைதட்டினார். "அப்போ கல்கத்தாவுக்கு டிக்கெட் எடுத்திர வேண்டியதுதான்!"

வேறு யாரும் கைதட்டவில்லை. அவர் கையைப் பையில் விட்டுக்கொண்டார்.

மெட்டில்டா மணிப்பூர் பெண்களைப் பார்த்தாள். அவர்களில் சின்னவளுக்குப் பதினைந்து வயது இருக்கும். கழுத்தில் மெட்டில்டா போட்ட மாலையோடு நடைமேடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏழு நாள் வந்து, ஆடாமலேயே ஏழு நாள் திரும்பிப் போக வேண்டுமா?

"டீச்சர், சட்டை நாம குடுத்தா என்ன?" என்றாள் மெட்டில்டா.

"ஒரே மாதிரி பதினொரு சட்டைக்கு எங்கன போறது பிள்ள? இன்னைக்குக் கடையும் கிடையாதே."

ஒரே மாதிரி பதினொரு சட்டை. மெட்டில்டா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள்.

நேராகப் பக்கத்து வீட்டு மனுவேல் மாமாவிடம் போய் நின்றாள். கோயில் திருவிழாவில் வாசிக்கும் பேண்டு குழுவுக்கு அவர்தான் மாஸ்டர்.

"மாமா, ஒங்க பேண்டு சட்டை எல்லாம் வேணும். கால்பந்து வெளையாட."

மனுவேல் மாமாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த காப்பி புரை ஏறிவிட்டது. "ஏளா! சிவப்புச் சட்டை, பித்தளைப் பொத்தான், தோள்ல மஞ்சக் கயிறு! அதைப் போட்டுக்கிட்டா பந்து வெளையாடுவாவ?"

மெட்டில்டா நடந்ததைச் சொன்னாள். மாமா காப்பியைக் கீழே வைத்தார். "ஏழு நாளா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அலமாரியைத் திறந்தார்.

"பொத்தான் ஒண்ணு தொலைஞ்சாலும் ஒன்னய விட மாட்டேன்!"

இனி எண்கள் வேண்டும். மெட்டில்டா வீட்டுச் சுவரில் தொங்கிய பெரிய எழுத்துத் தினசரி காலண்டரைப் பார்த்தாள். அடுத்த மாதத்தின் முதல் பதினொரு தாள்களைக் கிழித்தாள். அட்டையில் ஒட்டினாள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் தயார்! ராகு காலமும் சேர்ந்தே இருந்தது.

மூன்றரை மணிக்கு, சிவப்புச் சட்டையும் மஞ்சள் கயிறுமாக மணிப்பூர் அணி மைதானத்துக்குள் வந்தது. முதுகில் ஊக்கால் குத்திய அட்டைகள். கூட்டம் திகைத்துப்போய்ப் பார்த்தது. "பாட்டுக் கச்சேரியா, பந்தாட்டமா?" என்று யாரோ கேட்டார்கள்.

நடுவர் சட்டைகளைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது போதும். ஆனா பூட்ஸ்? ஒரு பக்கம் பூட்ஸும் ஒரு பக்கம் வெறுங்காலும்னா மிதிபட்டு நகம் பெயர்ந்துடும். அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

"அதான் ஆட்டம் இல்லேன்னு ஆயிட்டே!" என்றார் சங்கரபாண்டியன்.

"எங்க அக்காவும் பூட்ஸைக் கழட்டிருவா!" என்றாள் மெட்டில்டா.

சொன்ன பிறகுதான் எத்தனை சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மைதானத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. மரியசெல்வி அதிர்ந்துபோய்த் தங்கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஐயோ, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லிவிட்டோமே!

மரியசெல்வி தோம்பியின் காலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். அவளைப் பார்த்து மற்ற பத்துப் பேரும் அவிழ்த்தார்கள்.

ஆட்டம் தொடங்கிய நான்காவது நிமிடம், சட்டைக் கை விரல்வரை தொங்க, தோம்பி பந்தை வலைக்குள் அடித்தாள். பதினைந்தாவது நிமிடம் இன்னொரு கோல்!

"என்ன டீச்சர் இது?" என்று அலறினார் சங்கரபாண்டியன்.

"அவங்க மேலாளர் இப்பதான் சொன்னார்," என்றார் கிருபை டீச்சர் மெல்லிய குரலில். "அவங்களுக்கு பூட்ஸ் கெடைச்சதே இந்த வருசம்தானாம். சின்ன வயசிலேர்ந்து வெறுங்கால்தான்."

மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு மரியசெல்வி ஒரு கோல் போட்டாள். அடுத்து, நடு மைதானத்தில் பந்தைப் பிடித்தவள் நிற்கவே இல்லை. ஒருத்தியைத் தாண்டினாள். இரண்டு, மூன்று, நான்கு பேரைத் தாண்டினாள். இடது காலால் ஓங்கி அடித்தாள். பந்து வலையின் மேல் மூலையில் போய்ச் சிக்கியது. தோம்பி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மனுவேல் மாமா தன் சட்டைகளையே மறந்து குதித்தார்.

இரண்டுக்கு இரண்டு. கல்கத்தா கண்ணுக்குத் தெரிந்தது.

கடைசி நிமிடம், காலையில் அழுத அந்தச் சின்னப் பெண் கோல் முன்னால் இருந்த நெரிசலுக்குள் புகுந்து பந்தை வலைக்குள் தட்டிவிட்டாள். மூன்றுக்கு இரண்டு. நடுவர் விசில் ஊதிவிட்டார்.

முதுகு அட்டை பாதி கிழிந்து தொங்க, மணிப்பூர்ப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தூத்துக்குடிக் கூட்டத்தில் முதலில் யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"எல்லாம் இந்தப் பிள்ளையால," என்று முணுமுணுத்தபடி சங்கரபாண்டியன் வெளியேறினார்.

அன்று இரவு மரியசெல்வி தங்கையிடம் பேசவே இல்லை.

மறுநாள் காலை வந்த ரயிலில் பெட்டியும் வந்து சேர்ந்தது. மாலை மணிப்பூர் அணி புறப்பட்டது. ரயில் நகரும்போது தோம்பி ஜன்னல் வழியாக மரியசெல்வியின் கையைப் பிடித்து, அவளுடைய இடது காலைக் காட்டி ஏதோ சொன்னாள். மொழி புரியவில்லை. ஆனால் மரியசெல்வி சிரித்துவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது மெட்டில்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "யக்கா, நான் பேசாம இருந்திருந்தா நீ கல்கத்தா போயிருப்பே."

"ஆமா, போயிருப்பேன்."

மெட்டில்டாவுக்குக் கண் கலங்கியது.

"ஏளா மெட்டி," மரியசெல்வி நின்றாள். "நேத்து அந்த ரெண்டாவது கோலைப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"நல்லாப் பாத்தியா? நாலு பேரைத் தாண்டுனேன்லா? ஆடாம போயிருந்தா அதை எங்கன போட்டிருப்பேன்?"

வீடு போய்ச் சேர்வதற்குள், வழியில் கிடந்த ஒரு தேங்காய் மட்டையை உதைத்து, அந்தக் கோலை மரியசெல்வி மூன்று முறை போட்டுக் காட்டினாள்.