ஜோடியில் ஒருத்தி

ஹெலனும் கிறிஸ்டினாவும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே அச்சு! பத்து வயதாகியும் பெற்ற தாயே சில நேரம் குழம்பிப் போவாள்.

மூன்று மாதத்துக்கு முன் கிறிஸ்டினாவின் முழங்கையில் ஒரு வெண்புள்ளி வந்தது. மெல்ல அது ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பரவியது. அன்றிலிருந்து வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை.

அம்மாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. இடது ஷூவில் துளி கறை இருந்தாலும், பழுதில்லாத வலது ஷூவும் சேர்ந்தே ரிஜெக்ட் பெட்டிக்குப் போய்விடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஹெலனை டியூப் லைட் அடியில் நிறுத்தி, கை, கால், கழுத்து என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கிறிஸ்டினா ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். பாவம், அவளை யார் பார்த்தார்கள்?

அன்று காலை கரண்ட் இல்லை. வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அம்மா அவசரத்தில் கைக்கு எட்டியவளை ஜன்னலோரம் இழுத்தாள். முழங்கையைப் பார்த்ததும் அலறிவிட்டாள்.

"ஐயோ ஆண்டவரே! ஹெலனுக்கும் வந்துடுச்சே!"

"நான் கிறிஸ்டினாம்மா."

"அப்பாடா! நீயா!"

சொன்ன பிறகுதான் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிறிஸ்டினாவின் கண்களிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

ஹெலனுக்கு வந்ததே கோபம்!

"இன்னாம்மா நீ? அவளுக்கு இருந்தா பரவால்லயா?"

"இல்லடி... ஒண்ணாப் பொறந்தீங்க. உனக்கும் வந்துடுமோன்னு பயம்டி."

"இவள வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனப்போ டாக்டரம்மா சொன்னத நீ காதுல வாங்கவே இல்ல, அழுதுகிட்டே இருந்தே. எங்க ரெண்டு பேருக்கும் டி.என்.ஏ. ஒண்ணுதான். ஆனா அதுல எந்த மரபணு வேலை செய்யும், எது சும்மா கெடக்கும்ங்கறது ஆளுக்கு ஆள் மாறுமாம். எனக்கு வரலாம், வராமலும் போலாம். வந்தாத்தான் இன்னா? நாங்க இன்னா ஷூவா, ஒதுக்கிப் போட?"

அம்மாவின் பார்வை கிறிஸ்டினாவின் முழங்கைக்குப் போனது.

"ஒட்டிக்காதுன்னும் சொன்னாங்க. அவ கைய நீ தொட்டு மூணு மாசம் ஆச்சும்மா," என்றாள் ஹெலன். இப்போது அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கிறிஸ்டினாவின் முழங்கையை இரண்டு கைகளாலும் பிடித்து, அந்த வெள்ளையின் மேல் முத்தம் கொடுத்தாள்.

"மன்னிச்சுடு கண்ணு."

வெளியே ஹாரன் விடாமல் அடித்தது.

"பஸ் போய்டும்மா," என்று விசும்பினாள் கிறிஸ்டினா.

"போனா போவுது." அம்மா அவளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

ஹெலன் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினாள். "எங்கம்மா இன்னிக்கு வர்ல!"