கடைசி ஆளின் கை

காரை நிறுத்திவிட்டு, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான்கு பேரும் பாறை மேட்டுப் பாதையில் ஏறியபோது மத்தியானம் மூன்று மணி. வெயில்கூட இருந்தது. வேல்ஸ் கடலோரத்தில் செப்டம்பர் வெயிலை யார் நம்புவார்கள்? எல்லோருடைய முதுகுப் பையிலும் மழைக்கோட்டு மேலாகவே இருந்தது.

முன்னால் ஹெவின். முப்பது வருடமாக அந்த நடைக் குழுவுக்கு அவன்தான் தலைவன். அவன் பின்னால் அவன் மனைவி மெரெரிட். அடுத்து எமிர், ரொட்டிக்கடையை மூடிவிட்டு ஓய்வில் இருப்பவன், மூச்சு வாங்கினாலும் வாய் ஓயாதவன். எல்லோருக்கும் கடைசியில் டெக்வென்.

கடைசி ஆளாக நடப்பது என்றால் சும்மா இல்லை. ஆரஞ்சுச் சட்டை போட்டு, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, ஒருவரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வழியில் கேட் வந்தால் எல்லோரும் போன பிறகு கடைசி ஆள் புகுந்து கை தூக்க வேண்டும். அந்தக் கையைப் பார்க்காமல் தலைவன் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. அந்தக் குழுவில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

போன வருடம் இதே நாளில் அந்தச் சட்டையைப் போட்டிருந்தவன் டெக்வெனின் புருஷன் யெஸ்டின். கீழே இருக்கிற சின்னக் கடற்கரையில்தான் கடல் அவனைக் கொண்டுபோனது. அன்றைக்கு முட்டி வலி என்று டெக்வென் வீட்டிலேயே இருந்துவிட்டாள். போனவர்கள் நான்கு பேர், திரும்பியவர்கள் மூன்று. மூவரும் விசாரணையில் ஒரே மாதிரி சொன்னார்கள். யெஸ்டின் இந்தக் கேட் வரைக்கும் வந்தான், கை தூக்கினான், பிறகு கடல்நாய்க் குட்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தானாகவே திரும்பி இறங்கினான், தடுத்தும் கேட்கவில்லை.

"சிரிச்சுக்கிட்டேதான் போனான் டெக்வென்," என்று சாவு வீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெரெரிட் சொன்னாள். மெரெரிட் அவளுக்குப் பள்ளிக்கூடத் தோழி.

அந்தச் சிரிப்பைத்தான் டெக்வெனால் பொறுக்க முடியவில்லை. முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவள் வீட்டில் காத்திருக்க, இரண்டு கடல்நாய்க் குட்டிக்காகப் போய்ச் சாவானா ஒருவன்? ஒரு வருடமாக அவன் கல்லறைக்கு அவள் ஒரு பூக்கூட வைக்கவில்லை. இன்றைக்கு வந்தது, அவனை மன்னிக்க முடிகிறதா என்று பார்க்கத்தான்.

கேட் வந்தது. ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான் உடம்பை ஒடுக்கிக்கொண்டு புக முடிகிற இரும்புக் கேட். ஒவ்வொரு ஆள் போனதும் தானாகவே திரும்பி வந்து தூணில் மோதும்.

ஹெவின். டக்.

மெரெரிட். டக்.

"போன தடவையைவிட இந்த கேட்டு சுருங்கிப்போச்சுப்பா," என்றான் எமிர்.

"கேட்டு அப்படியேதான் இருக்கு. நீ உன் கடை ரொட்டியக் கொஞ்சம் கம்மியா தின்னிருக்கணும்," என்றாள் டெக்வென்.

எமிர். டக்.

டெக்வெனும் புகுந்து வயலுக்குள் வந்து கை தூக்கினாள். டக். ஹெவின் தலையசைத்துவிட்டு நடந்தான்.

அவள் நாலு அடி வைத்திருப்பாள்.

டக்.

திரும்பிப் பார்த்தாள். கேட் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பாதையில் யாரும் இல்லை. காற்றும் இல்லை.

இரவு தங்கக் கூடாரம் அடித்து முடிப்பதற்குள் கடல்மூட்டம் ஏறிவிட்டது. முதலில் கடல் காணாமல் போனது, பிறகு பாறை விளிம்பு, பிறகு கேட். பகல் வெளிச்சம் அப்படியே இருக்க, சுற்றிலும் வெள்ளைச் சுவர். அழுகின கடல்பாசி வாடை மூக்கில் ஏறியது. ஆடுகள்கூடச் சத்தம் போடவில்லை. மெரெரிட் தேநீர் ஊற்றி, கல்லில் சுட்ட திராட்சைக் கேக்கை எடுத்துக் கொடுத்தாள். எமிர் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் கேட்டது.

கீழே, கடற்கரைப் பக்கமிருந்து விசில். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

பிறகு அமைதி.

மலையிலும் கரையிலும் நடக்கிறவர்களுக்கு அதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். கேட்டவர்கள் மூன்று ஊதிப் பதில் சொல்ல வேண்டும்.

டெக்வென் எழுந்துவிட்டாள். "யாரோ கீழ மாட்டிக்கிட்டாங்க. ஹெவின், எந்திரி."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றாள் மெரெரிட். அவள் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெவின் ஏற்கெனவே இறுகியிருந்த கூடாரக் கயிற்றை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தான்.

சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஆறு. இப்போது இன்னும் கிட்டத்தில்.

விசில் கேட்டால் மனுஷன் தலை தானாகத் திரும்பும். இந்த மூன்று தலைகளும் திரும்பவில்லை. இவர்களுக்கு இது புதிது இல்லை.

அவள் தன் விசிலை வாயில் வைத்தாள். எமிர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஊதாத டெக்வென். பதில் குடுக்காத."

"ஏன்?"

"எமிர், வாய மூடு," என்றான் ஹெவின், மெதுவாக.

"அன்னிக்கும் நாங்க குடுக்கல," என்றான் எமிர்.

பிறகு அவன் நிறுத்தவில்லை. கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று நேரம் போட்டிருக்கும் சிறு புத்தகம் ஒன்று ஒவ்வொரு நடைக் குழுவிடமும் இருக்கும். கோடையில் நாட்டுக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், புத்தகத்து நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முப்பது வருடமாக ஹெவின் கூட்டித்தான் பழகியிருந்தான். போன வருடம் வாங்கின புத்தகத்தில் அதை ஏற்கெனவே கூட்டி அச்சடித்திருந்தார்கள். முதல் பக்கத்தில் எழுதியும் இருந்தது. அவன் படிக்காமல் இன்னொரு மணியைக் கூட்டினான்.

"மணல்ல இறங்கும்போதே கடல் ஏற ஆரம்பிச்சிருச்சு. நாங்க மூணு பேரும் முட்டித் தண்ணில ஓடி வந்துட்டோம். அவன் கடைசி ஆளு, நின்னு நின்னு எங்கள அனுப்பினான். கேட்டுல நாங்க நிக்கல, டெக்வென். கையத் தூக்கினானான்னு யாரும் பாக்கல."

"கடல்நாய்க் குட்டி?"

எமிர் தலையைக் குனிந்துகொண்டான்.

"எவ்வளவு நேரம் ஊதினான்?"

"நாப்பது நிமிஷம்."

"நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

மெரெரிட் கோப்பையைக் கீழே வைத்தாள். டெக்வென் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். அன்றைக்கும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இதே இடத்தில்.

"காப்பாத்துற படகு ஆளுங்களக் கூப்பிட்டா, எப்படி மாட்டினீங்கன்னு கேப்பாங்க," என்றான் ஹெவின். "பாறை மேல ஏறி உக்காந்திருப்பான், கடல் வத்தினதும் வந்துருவான்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்."

டெக்வென் மெரெரிட்டைத்தான் பார்த்தாள். "சிரிச்சுக்கிட்டே போனான்னு சொன்னியேடி. என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னியே."

"நீ ஒருத்தி தனியாயிட்ட. இவரும் ஜெயிலுக்குப் போனா என் கதி என்னன்னு பாத்தேன்," என்றாள் மெரெரிட். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மறுபடி விசில். ஆறு.

இந்தத் தடவை கேட்டுக்குப் பக்கத்திலிருந்து.

ஹெவின் பையை எடுத்துத் தோளில் போட்டான். கூடாரத்தைக்கூடப் பிரிக்கவில்லை. "காருக்குப் போயிரலாம். எல்லாரும் வாங்க. டெக்வென், வா."

கேட்டைத் தாண்டினால் இடது பக்கம் கடற்கரை, வலது பக்கம் கார். மூட்டத்துக்குள் தடவிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். கேட் கம்பியெல்லாம் நனைந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. ஹெவின் புகுந்தான். டக். மெரெரிட். டக். எமிர் ஒரு நிமிடம் டெக்வெனின் முகத்தைப் பார்த்து நின்றான், பிறகு அவனும் போனான். டக்.

டெக்வென் புகவில்லை. வயல் பக்கமே நின்றாள்.

விசிலை எடுத்து மூன்று தடவை ஊதினாள். நீளமாக, நிதானமாக. ஒரு வருடம் தாமதமான பதில்.

உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. அவள் கன்னத்தில் ஈரக் காற்று ஒன்று பட்டு நின்றது. யெஸ்டின் தேய்த்துக் குளிக்கிற தார் சோப்பு வாசனை.

"கோவிச்சுக்காத," என்றாள் அவள். "எனக்குத் தெரியல."

கன்னத்தை விட்டு ஈரம் விலகியது.

டக்.

மூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஹெவினின் குரல். "டெக்வென், வந்துட்டியா? கையத் தூக்கு." டெக்வென் கையைத் தூக்கவில்லை. பிறகு அவனே, "ஆங், தெரியுது தெரியுது. ஆரஞ்சு தெரியுது. நடங்க," என்றான்.

டெக்வென் குனிந்து பார்த்தாள். ஆரஞ்சுச் சட்டை அவள் உடம்பில்தான் இருந்தது. நான்கு பேரின் காலடிச் சத்தம் பாதையில் தூரமாகப் போனது.

அவள் வயலின் மறுபக்கமாக ஏறி, பண்ணை வீட்டுக்கு நடந்து, அங்கிருந்தே போலீஸுக்குப் போன் செய்தாள். எமிர் அடுத்த நாளே போய் உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டான். மறுபடி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அந்த வாரம் டெக்வென் கல்லறைக்குப் போய், பூ வைத்து, கல்லைத் துடைத்துவிட்டு வந்தாள். ஒரு பக்கம் மனசு ஆறியது.

பத்தாம் நாள் சாயங்காலம் ஹெவின் போன் செய்தான்.

"மெரெரிட் அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. இங்க இருக்க முடியலன்னு சொல்லிட்டா. டெக்வென், எந்த கேட்டுல புகுந்தாலும் எனக்கப்புறம் இன்னொரு தடவ சாத்துது. ஆஸ்பத்திரி கேட்டு, சர்ச் கேட்டு, எல்லாம். ஒண்ணும் பேசமாட்டேங்கிறான். பின்னாடியே வர்றான், அவ்வளவுதான். நீ சொன்னா கேப்பான். அவன்கிட்டச் சொல்லேன்."

"நின்னு திரும்பிப் பாத்தியா?"

"எப்படிப் பாப்பேன்?"

"கடைசி ஆளு கையத் தூக்குற வரைக்கும் முன்னாடி போறவன் நகரக் கூடாது, ஹெவின். நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான்."

அவன் மூச்சு மட்டும் கேட்டது. அதற்கும் பின்னால், அவன் வீட்டு வாசல் கேட் மெதுவாகத் திறக்கிற சத்தம்.

டெக்வென் போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.

டக்.