டெய்லர் மாட்டிய பிரேக்

மிளகு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஆள் சின்னது, பேச்சு காரம் என்று சித்தப்பா வைத்தது. பத்து வயதான மிளகு, அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு யானையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நிஜ யானை இல்லை. அட்டையும் மரச்சட்டமும், அப்பாவின் தையல் கடையில் மிஞ்சிய சாம்பல் நிற பேன்ட் துணியும் சேர்த்து, அவளுடைய வகுப்பே மூன்று வாரம் உட்கார்ந்து செய்த யானை. அப்பாவைவிட உயரம். துணி இங்கேதான் கிடைத்தது என்பதால் யானையும் இங்கேயே வளர்ந்தது. கடையில் பாதி இடம் அதற்குத்தான். அளவு கொடுக்க வந்தவர்கள் அதன் தும்பிக்கைக்குக் கீழே குனிந்து வந்தார்கள்.

மாலை ஆறு மணிக்குப் பள்ளியில் நாடகம். யானையின் பின்கால்களாக நடிப்பது மிளகு. "பின்கால்தானா?" என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். பின்கால் இல்லாவிட்டால் யானை உட்கார்ந்துவிடாதா?

யானை பள்ளிக்குப் போகவேண்டுமென்றால் அம்மாவின் பிக்கப் வண்டியில்தான் போகவேண்டும். வேறு எதிலும் ஏறாது. வீடு மாறுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவது அம்மாவின் தொழில். நேற்று ரயிலேறிப் பெரியம்மாவைப் பார்க்கப் போன அம்மா, இன்று நாலு மணிக்குத் திரும்பி வருவார்.

அதற்குள் அம்மாவை அசத்திவிடவேண்டும் என்று அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"ரெண்டு வாரமா பின் பிரேக் கிறீச் கிறீச்னு கத்துது. மெக்கானிக் வெளியூர் போயிருக்காரு. மாத்தவேண்டிய சாமானை உங்கம்மா வாங்கியே வச்சிட்டா. நானே மாட்டிடறேன்" என்றார் அப்பா.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"வீடியோ பார்த்தேன்."

"எத்தனை?"

"ஒண்ணு. ஆனா ரெண்டு தடவை பார்த்தேன்."

அப்பாவைக் குறை சொல்லக்கூடாது. ஆரம்பம் அருமையாக இருந்தது. கடை வாசலில் சமதளத்தில் வண்டியை நிறுத்தினார். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஜாக்கியால் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு இரும்புத் தாங்கிகளின்மேல் உட்கார வைத்தார். அசைத்தும் பார்த்தார். பிறகு பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, அவற்றுக்குப் பின்னால் இருந்த டிரம்களையும் கழற்றினார்.

டிரம் என்பது ஓர் இரும்புச் சட்டி. அதற்குள்ளே பிறை வடிவத்தில் இரண்டு பிரேக் ஷூ இருக்கும். ஒன்றில் ஒட்டியிருக்கும் பட்டை குட்டை, மற்றதில் நீளம். அம்மா பிரேக்கை மிதித்தால் இரண்டும் விரிந்து சட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் நின்றுவிடும். அந்தப் பட்டைகள்தான் இப்போது தேய்ந்து கத்திக்கொண்டிருந்தன.

அப்பா கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து டிரம்மைச் சுற்றிப் பிடித்தார். "இடுப்பு முப்பத்தொண்ணு" என்று முணுமுணுத்தார்.

"அப்பா! அதுக்கு பேன்ட் தைக்கப் போறதில்ல."

"பழக்கதோஷம்டா" என்று அப்பா டேப்பைச் சுருட்டினார்.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். சித்தப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரியாததும் தெரியும்.

"தள்ளுங்கண்ணா, ஸ்பிரிங் கழட்டறதுக்கு ஒரு நேக்கு இருக்கு" என்று பிளையரால் வலது பக்க ஸ்பிரிங்கைப் பிடித்து இழுத்தார்.

டொய்ங்!

ஸ்பிரிங் வண்டிக்கு மேலே பறந்து, திறந்திருந்த கடை வாசல் வழியாக உள்ளே போய், பட்டன் டப்பாவைக் கவிழ்த்தது. நானூறு பட்டன்கள் தரையெல்லாம் உருண்டன. மூவரும் முட்டிபோட்டுத் தேடினார்கள். ஸ்பிரிங் யானையின் காலடியில் கிடைக்க அரைமணி நேரம் ஆனது.

"நேக்கு நல்லாத்தான் இருக்கு, சித்தப்பா" என்றாள் மிளகு.

வெளியே வந்து பார்த்தால், பிரித்த சாமான்கள் பழைய போர்வையில் கிடந்தன. பெரிய ஸ்பிரிங், சின்ன ஸ்பிரிங், கொக்கி, கம்பி. எது எங்கே இருந்தது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. அப்பா தலையைச் சொறிந்தார். சித்தப்பா சொறியவில்லை. பிளையரை எடுத்துக்கொண்டு இடது பக்கம் கிளம்பினார்.

"எங்க போறீங்க?" என்று மிளகு ஓடினாள்.

"அதையும் பிரிச்சிடலாம். ஒரே மூச்சா வேலை முடிஞ்சிடும்ல?"

மிளகு இடது பக்கத்து பிரேக்குக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். "இதைத் தொடாதீங்க! இது ஒண்ணுதான் இன்னும் ஒழுங்கா இருக்கு. இதையும் பிரிச்சிட்டா எதைப் பார்த்து மாட்டுவீங்க?"

சித்தப்பா பிளையரைப் பார்த்தார். அதை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்பாவின் முகம் பளிச்சென்று ஆனது. "இதைப் பார்த்து அப்படியே வரைஞ்சுக்கறேன்!" சட்டை வெட்டுவதற்கு வைத்திருந்த மெல்லிய காகிதத்தைக் கொண்டுவந்து, இடது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். வரைவதில் அப்பாவை அடிக்க ஆள் கிடையாது. குட்டைப் பட்டைக்குச் சிவப்பு, நீளப் பட்டைக்கு நீலம், ஸ்பிரிங்குகளுக்குக் கறுப்பு. பிறகு காகிதத்தை வலது பக்கம் கொண்டுபோய் வண்டியில் ஒட்டினார். படத்தில் உள்ளபடியே புதுச் சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டினார்.

எல்லாம் பொருந்தியது. கடைசியாக ஹேண்ட் பிரேக் கேபிளை மாட்டவேண்டும்.

கேபிள் ஒரு பக்கம் நின்றது. அது மாட்டவேண்டிய கொக்கி எதிர்ப் பக்கம் நின்றது.

"இழுங்கண்ணா."

"இழுக்கறேன்டா. வரமாட்டேங்குது."

பிரித்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்து மாட்டினார்கள். கேபிள் அங்கேயும் கொக்கி இங்கேயுமாகவே நின்றன. மூன்றாவது தடவையும் அதே கதைதான். அப்பாவின் சட்டை கிரீஸில் கறுத்துப்போயிருந்தது. சித்தப்பாவின் மூக்கு நுனியிலும் கிரீஸ். மணி மூன்றாகிவிட்டது.

"கேபிள் கிடக்கட்டும் அண்ணா" என்றார் சித்தப்பா. "ஹேண்ட் பிரேக் இல்லாட்டி என்ன குடி முழுகிப் போகுது? டிரம்மை மூடிட்டு மெதுவா ஓட்டினா யானை போய்ச் சேர்ந்துடும்."

அப்பா கடைக்குள் நின்ற யானையைப் பார்த்தார். மிளகைப் பார்த்தார். மூன்று வாரமாக அவள் பின்கால் நடை பழகியதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். "ஸ்கூல் ரெண்டு கிலோமீட்டர்தானே..." என்று இழுத்தார்.

'சரிப்பா' என்ற சொல் மிளகின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுக்கு அந்த நாடகம் அவ்வளவு வேண்டியிருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் இறக்கத்தில் இருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கப்போவது அம்மா.

"வேண்டாம்ப்பா" என்றாள். "யானை இல்லாம நாடகம் போட்டுக்கறோம். அரைகுறை பிரேக்கை அம்மாகிட்ட குடுக்கவேண்டாம்."

அழுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று கடைக்குள் ஓடி, யானையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யானைமேல் பேன்ட் துணி வாசம் அடித்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. சட்டை போட்டுப் பார்ப்பவர்களுக்காக அப்பா சுவரில் மாட்டியது. அதில் வாசலும் வாசலுக்கு வெளியே வண்டியின் இடது பக்கமும் தெரிந்தன. பிரேக்கும் தெரிந்தது. குட்டைப் பட்டை வலது கைப் பக்கமாக இருந்தது.

'வலது கைப் பக்கமா?'

திரும்பி நேரில் பார்த்தாள். குட்டைப் பட்டை இடது கைப் பக்கம். மறுபடி கண்ணாடியில் பார்த்தாள். வலது கைப் பக்கம். கண்ணாடிக்குள் வண்டியே மறுதிசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மிளகு ஒரே ஓட்டமாக வெளியே ஓடினாள். வண்டியில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சர்ரென்று உரித்தாள்.

"ஏய், கிழிச்சிடாதே!" என்று அப்பா பதறினார்.

"அப்பா, இடது கைக்கு வரைஞ்ச காகிதத்தை வச்சு வலது கைக்குத் துணி வெட்டணும்னா என்ன பண்ணுவீங்க?"

"இது தெரியாதா? காகிதத்தைத் திருப்பிப் போட்டு..."

அப்பா வாயைத் திறந்தபடியே நின்றார்.

மிளகு காகிதத்தைத் திருப்பி வெயிலில் உயர்த்திப் பிடித்தாள். மெல்லிய காகிதத்தில் கோடுகள் பின்பக்கம் வழியாகத் தெரிந்தன. சிவப்பு இந்தப் பக்கம், நீலம் அந்தப் பக்கம். படத்திலிருந்த கொக்கி கேபிளுக்கு நேராக வந்து நின்றது.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருபது வருஷமா சட்டை தைக்கறேன். ஒருநாள்கூட இடது கையை வலது தோள்ல வச்சுத் தச்சதில்ல. இன்னிக்கு மூணு தடவை தச்சிருக்கேன்!"

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

அப்பாவும் மகளும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, இல்ல" என்றார் சித்தப்பா.

அப்புறம் வேலை பறந்தது. குட்டைப் பட்டை வண்டியின் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தது. கேபிள் 'டக்'கென்று கொக்கியில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு மூன்று பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு காகிதத்தை மறுபடி நேராகத் திருப்பி, அதைப் பார்த்தே இடது பக்கத்தையும் மாற்றினார்கள். இந்தத் தடவை ஸ்பிரிங்கை மாட்டியது மிளகு. ஸ்பிரிங் எங்கும் பறக்கவில்லை. டிரம் ஏறியது, சக்கரம் ஏறியது, அப்பா நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார்.

வண்டியைக் கீழே இறக்கவும் அம்மா தெருமுனையில் வரவும் சரியாக இருந்தது.

அம்மா பையைக் கீழே வைக்கவில்லை. கறுத்த சட்டையைப் பார்த்தார், கறுத்த மூக்கைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "என் வண்டியில யார் கை வச்சது?"

சித்தப்பா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார். அப்பா ஒன்றையும் மறைக்கவில்லை. நானூறு பட்டன், தப்பான பக்கம், காகிதம், மூன்று மணிக்குத் தான் கொஞ்சம் தடுமாறியது, மிளகு வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மா வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கர நட்டுகளைத் தானும் ஒருமுறை இறுக்கினார். தனியாக ஏறி உட்கார்ந்து, தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். வழியில் நாலு தடவை பிரேக் பிடித்தார். கிறீச் என்ற சத்தமே இல்லை.

"நல்லாவே பிடிக்குது" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது மிளகை மட்டும்தான் பார்த்தார். "திங்கக்கிழமை மெக்கானிக்கும் ஒரு தடவை பார்க்கட்டும். இப்ப யானையை ஏத்துங்க, நேரமாச்சு!"

யானை பின்னால் ஏறியது. கயிற்றால் கட்டி, அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்தார்கள். மிளகு முன்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி நிதானமாகப் போனது.

பள்ளிக்குப் போகும் இறக்கத்தில் பாதி தூரம் வந்திருப்பார்கள். கொழுத்த வெள்ளைப் பூனை ஒன்று நடுரோட்டுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அம்மா பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது.

மிளகு எட்டிப் பின்னால் பார்த்தாள். யானை கம்பீரமாக நின்றது. சித்தப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு அதன் தும்பிக்கையைக் கட்டிப்பிடித்திருந்தார்.

"சித்தப்பா, யானை பயந்துடுச்சா?"

"ஆமாம்மா! என்னை விடவே மாட்டேங்குது!"

அம்மா ஹார்ன் அடித்தார். பூனை ஒரு காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது. அது இப்போதைக்கு எழுந்திருக்காது என்று தெரிந்துபோயிற்று. அம்மா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு மிளகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பெடலிலிருந்து காலை மெல்ல எடுத்தார்.

பூனை நாலு காலையும் நக்கி முடிக்கும்வரை, அந்த இறக்கத்தில் வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.