குழி மிதிக்காத இருவர்

சிட்னியிலிருந்து நானும் அண்ணனும் பிஜித் தீவின் நாடி விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது காலை பத்து மணி. எங்கள் ஊரான லோவுவில் எங்கள் கரும்புக்காடும் மாரியம்மன் கோயிலும் இருந்த இடத்தில் இப்போது பெரிய கேசினோ. அதில் என் அண்ணன் மகேந்திரா ஒரு பங்குதாரன். அன்று திறப்பு விழா.

கோயிலை விட்டு நகர மறுத்தவர் பூசாரி வெங்கடசாமி. "நான் செத்தாத்தான் தீக்குழிய மூடலாம்" என்பார். சொன்னபடியே ஆயிற்று.

இரண்டாயிரமாவது ஆண்டு, தீமிதிக்கு எங்கள் இருவருக்கும் அவர்தான் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினார். மூன்றாம் நாள் தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அந்தக் குழப்பத்தில் பூசாரியின் குடிசை உள்ளே அவரோடு எரிந்தது. கலவரக்காரர்களின் வேலை என்று ஊர் நம்பியது. அவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. அந்த நிலத்துக்காகக் கொளுத்தியவன் என் அண்ணன்.

மண்ணெண்ணெய் டின்னைப் பிடித்திருந்தவன் நான்.

காப்புக் கட்டியவன் குழி மிதிக்காமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அன்றிரவே சிட்னிக்குத் தப்பி ஓடும்போது அண்ணன் விமான நிலையக் கழிப்பறையில் இரண்டு கயிற்றையும் பிளேடால் அறுத்தெறிந்தான். "சாமியாவது பூதமாவது, வாடா!"

கேசினோ கூடத்தில் ஒரு சன்னல்கூட இல்லை. தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம். தட்டு ஏந்தி வந்த பணிப்பெண் கம்லா மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணா, வேப்பல வாசன எங்கேருந்து வருது?"

நான் காலடிக் கம்பளத்தைப் பார்த்தேன். குழி இருந்தது அதே இடத்தில்தான்.

"டேய் ஷைலேந்திரா, ஷூக்குள்ள நெருப்புடா!"

அண்ணன் அலறியபடி இரண்டு ஷூவையும் பிய்த்தெறிந்தான். பின்வாங்காமல் முன்னே நடந்தான்.

"நிக்க முடியலடா. யாரோ முதுகில கை வச்சுத் தள்றாங்க."

பின்னால் யாரும் இல்லை.

ஏழு அடி நடந்து விழுந்தான். நான் ஓடிப் புரட்டினேன். உயிர் இல்லை. உள்ளங்கால் இரண்டும் கரிந்திருந்தன. கம்பளத்தில் ஒரு நூல்கூடக் கருகவில்லை. மணிக்கட்டில் ஈர மஞ்சளோடு ஒரு கயிறு.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். எழுதட்டும். உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். அண்ணனுக்காக அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்காகப் பயந்ததுதான் அதிகம். அன்றே சிட்னிக்கு ஓடி வந்தேன்.

இன்று காலை எழுந்தால் என் மணிக்கட்டில் ஈரக் கயிறு. மூன்று முறை வெட்டி எறிந்துவிட்டேன். மூன்று முறையும் முடிச்சோடு திரும்பி வந்துவிட்டது.

வெளியே கடுங்குளிர். கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை, தரை சுடுகிறது. முதுகில் யாரோ மெதுவாகக் கை வைக்கிறார்கள்.