மெஹராஜ் பேகம் சுமந்த சர்க்கரை

“இது தேத்தண்ணியா, பாத்திரம் கழுவின தண்ணியா?”

ரஹ்மத் பீவி தம்ளரை வைத்த வேகத்தில் பாதி தரையில் கொட்டிப் போயிற்று.

“சீக்கு உனக்கு. பத்தியம் இந்த ஊட்டுக்கே! அல்வாக் கடைக்காரன் ஊட்ல ஒரு கரண்டி சீனிக்கு வழியில்லன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க!”

“மறந்துட்டேன் மாமி. இதோ, சீனி போட்டுக் கொண்டாறேன்...”

மெஹராஜ் பேகம் குனிந்து தரையைத் துடைத்தாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கடந்த நாலு வருடமாகப் பேச நினைத்தாலும் முடியாது. வாயைக் கட்டிப் போட்டிருந்தது ஒரு வாக்கு.

அதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வியாதி மெஹராஜுக்கு இல்லை. அவள் புருஷன் ஜெக்கரியாவுக்குத்தான்!

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் அல்வாவும் தம்ரூட் என்கிற ரவை இனிப்பும் போடுகிறவர் அவர். “முப்பது வருஷமா தினம் தின்னுறேன், கல்லு மாதிரி நிக்கிறேன் பாருங்க! பயப்படாம வாங்குங்க!” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டித்தான் தராசைத் தூக்குவார். நாலு வருடத்துக்கு முன் கடைத்தெரு மருத்துவ முகாமில் விரலைக் குத்திப் பார்த்தபோது இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. மனுஷர் ஆடிப்போய்விட்டார்.

“கடைக்காரனுக்கே சர்க்கரைன்னு தெரிஞ்சா எவன் மெஹராஜ் வாங்குவான்? சபிஹா கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் மாத்திரை உனக்குன்னே இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடு.”

கொடுத்தாள். மாதாமாதம் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளர் செம்மொழிக்கு மட்டும் விஷயம் தெரியும். நோயாளி அட்டையில் இருக்கும் பெயரை அந்தப் பெண் வெளியில் சொல்கிறவள் இல்லை. மற்றவர்கள் கண்ணுக்குப் பட்டது ஒன்றுதான்: மாத்திரையை வாங்கும் கை மெஹராஜின் கை.

அவளுக்காக என்று சமையல் மாறியது. “அவ சாப்பிடறதையே நானும் சாப்பிடறேன்” என்று ஜெக்கரியா கூட உட்கார்ந்தார். ஊரே அவரை மெச்சியது! சபிஹாவின் கல்யாணத்தில் பந்தியெல்லாம் தம்ரூட் போனது. பெற்றவளைத் தாண்டிப் போனது தட்டு. அந்தக் கல்யாணம் முடிந்தும் இரண்டு வருடமாகிறது. வாக்கை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

அன்று காலை செம்மொழி மாத்திரையோடு வந்தாள். வாசலிலேயே குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, நேத்து கடைக்குப் போயி பாய் காலைப் பாத்தேன். பாகு தெறிச்ச புண்ணு, ரெண்டு வாரமா ஆறல. வலியே இல்லன்னு சிரிக்கிறாரு. வலிக்காததுதான்க்கா பயம்! நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. விரலு போயிடும்...”

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் சபிஹா. ஆறு மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

“அம்மா... சர்க்கரைத் தண்ணி குடிக்க வச்சு டெஸ்ட் எடுத்தாங்க. எனக்கும் இருக்காம்மா!”

“வந்துடுச்சா?” ரஹ்மத் பீவி மார்பில் அடித்துக்கொண்டாள். “எங்க பரம்பரையில ஒருத்தருக்கு உண்டா? எல்லாம் உன் ரத்தம்டி! பொறக்காத புள்ளைக்கும் சேத்து எழுதி வச்சுட்டியே!”

சபிஹா தாயை நிமிர்ந்து பார்த்தாள். “உன்னாலதானாம்மா?”

மெஹராஜ் புருஷனைப் பார்த்தாள். நடையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டது அவருக்கு. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதுமே!

அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

அன்று முழுக்க மெஹராஜ் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புண்ணைப் பற்றி இரவு சொன்னாள். “பாப்போம்” என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரி. மகளுக்குத் துணையாக மெஹராஜ் போனாள். அவளை நம்பாமல் மாமியாரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். சர்க்கரைப் பிரிவின் முன் நீள வரிசை. டாக்டர் தமிழ்நிலா சின்ன வயசுப் பெண், பேச்சில் பதமானவள்.

“பயப்படாதம்மா. சாப்பாட்டுலயும் நடையிலயும் முக்காவாசிப் பேருக்கு அடங்கிடும். குழந்தை நல்லா இருக்கு. வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?”

“அம்மாவுக்கு.”

“உங்க நோட்டைக் காட்டுங்கம்மா.”

“நோட்டு... இல்லீங்க.”

“கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?”

மெஹராஜ் முந்தானை நுனியைத் திருகினாள். நர்ஸ் அவள் விரலைப் பிடித்துக் குத்தினாள். “டாக்டர், நூத்திப் பத்து. சாப்பிட்டு வந்திருக்காங்க. இவங்களுக்கு சுகரே இல்ல!”

“மெஷினு கெட்டுப்போச்சு!” என்றாள் ரஹ்மத் பீவி. “இன்னொரு விரல்ல குத்தும்மா. நல்லா அழுத்திக் குத்து!”

இன்னொரு விரலிலும் குத்தினார்கள். நூற்று எட்டு.

“அப்ப நாலு வருஷமா மாத்திரைய வாங்கி என்னடி பண்ணே? சீக்குக்காரின்னு நடிச்சு எங்களையெல்லாம் பட்டினி போட்டியா?”

வரிசையே திரும்பிப் பார்த்தது. சபிஹா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். “பேசும்மா... யாருக்கு வாங்கினே? வாயத் தொறந்து சொல்லும்மா!”

மெஹராஜின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

“எனக்கு.”

வாசலில் ஜெக்கரியா நின்றிருந்தார். ஒரு கால் செருப்பு கையில் இருந்தது. பின்னால் செம்மொழி.

“என்ன பாய், கடையை மூடிட்டு இங்க?” வரிசையில் ஒருவர் கேட்டார்.

“சர்க்கரைக்கு வந்தேன் அண்ணே. நாலு வருஷமா எனக்குத்தான் சர்க்கரை. என் சம்சாரத்துக்கு இல்ல.” கடையில் கூவுகிற அதே குரல். நடுக்கம் மட்டும் புதிது. “காலையில நாலு பேரு வந்தாங்க மெஹராஜ். ‘பாவம் பாய், உங்க பொண்டாட்டி சீக்கு பொண்ணையும் புடிச்சுடுச்சாமே’ன்னு எனக்கு ஆறுதல் சொல்றாங்க... எனக்கு! நானும் தலையை ஆட்டி அதை வாங்கிக்கிட்டேன். அஞ்சாவதா ஒருத்தர் வந்து ‘உங்க பொறுமை யாருக்கு வரும்’னாரு. அதுக்கு மேல நிக்க முடியல... அடுப்பை அணைச்சுட்டு வந்துட்டேன்.”

“நேத்து உங்க பொண்ணு என்னைக் கேட்டாளே...” இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. “‘உன்னாலதானா’ன்னு கேட்டாளே! செருப்பை மாட்டிக்கிட்டுப் போனீங்களே!”

அவர் கையிலிருந்த செருப்பைத் தரையில் வைத்தார்.

“இது யாரு குத்தமும் இல்ல” என்றாள் டாக்டர். “அப்பா வழியிலயும் வரும், யாருக்கும் இல்லாமலும் வரும். மறைக்கிறதுதான் ஆபத்து. பாய், காலைத் தூக்கி வைங்க.” குனிந்து பார்த்தாள். “இன்னும் பத்து நாள் விட்டிருந்தா விரலை எடுத்திருப்போம். காப்பாத்திடலாம். ஆனா தினம் வந்து கட்டு போடணும்.”

சபிஹா தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். “என் கல்யாணத்துல கூட நீ வாயில வைக்கலியேம்மா... நான் உன்னையவா அப்படிக் கேட்டேன்...”

“அழாதடி. வயித்துப் புள்ளைக்கு ஆகாது.”

நர்ஸ் பஞ்சும் மருந்துமாக வந்தாள். “கட்டு போடறப்ப ஒருத்தர் காலைப் புடிச்சுக்கணும். கூட யாரு வர்றீங்க?”

பழக்கம், பாருங்கள். மெஹராஜின் கால் தானாக முன்னே போனது.

ரஹ்மத் பீவியின் கை அவள் தோளைப் பிடித்து நிறுத்தியது. அந்தக் கிழவியின் முகம் சுருங்கியது. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். “நான் வர்றேன். பெத்தவ நான்தானே...” என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு மருமகளை அழுத்தி பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“நீ ஒக்காரும்மா. நாலு வருஷமா நின்னுட்டே.”